ஐந்து சென்ட் வெங்காயமும் ஒரு கல்லூரிப் பிள்ளையின் ஓராண்டும்

பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிணற்று மேட்டில் உட்கார்ந்து தென்னைக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்துக்கு வாராவாரம் வருகிற கல்லூரிப் பிள்ளை நாலு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"தாத்தா, காலேஜ் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டிருக்காங்க. 'கடந்த ஓராண்டில் என் இனிய நினைவுகள்'னு தலைப்பு. எழுத்துப்பிழை மட்டும் பாத்துத் தாங்க."

33 வருசம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அடுத்தவர் எழுதின கடிதத்தில் சிவப்பு மை போடுவது கைப்பழக்கம். முதல் பக்கத்தில் நாலு சந்திப்பிழை திருத்தினேன். இரண்டாம் பக்கத்தில் பேனாவை மூடிவிட்டேன். அதில் நான் வந்திருந்தேன். நான் மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த எதுவும் அதில் இல்லை. நான் மறந்துவிட நினைத்த இரண்டு விஷயம் இருந்தது.

படித்து முடித்ததும், "இதை நம்ம பத்திரிகையில எழுதட்டுமா பிள்ள?" என்று கேட்டேன். பேர் போடக்கூடாது என்றாள். இன்னொரு நிபந்தனையும் சொன்னாள்: "நீங்க என்னைத் திட்டினதையும் எழுதணும்." சரி என்றேன். அந்தப் பேச்சுக்குக் கட்டுப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எப்படி வந்தாள்

சுரண்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு 4 ஏக்கர். செவலும் கரிசலும் கலந்த மண். ஒரு கிணறு, 60 தென்னை, 2 மாடு. மிச்ச இடத்தில் காய்கறி, உளுந்து, குளம் பெருகினால் கொஞ்சம் நெல். பணி ஓய்வுக்குப் பிறகு தோட்டத்துக்கு வந்து, ரசாயன உரத்தை நிறுத்தி 7 வருசம் ஆகிறது. ஊரில் எனக்கு இன்னும் 'பேங்க் சார்' என்றுதான் பெயர்.

போன வருசம் மாசியில் ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் எங்கள் ஊரில் நடந்தது. இந்தத் திட்டம் காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. சேருகிற மாணவர் வருசத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஒரு தடவை 7 நாள் ஒரு கிராமத்தில் தங்க வேண்டும். முகாம் பிள்ளைகளை ஒரு முற்பகல் என் தோட்டத்துக்குக் கூட்டிவந்தார்கள். நான் விடவில்லை. மண்புழுவில் தொடங்கி மானியம் வரைக்கும் 2 மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள்.

எல்லாரும் வேனில் ஏறின பிறகு ஒருத்தி மட்டும் திரும்பி வந்தாள். "தாத்தா, நான் ஞாயித்துக்கிழமை வந்து ஒரு பாத்தி வச்சுக்கிடட்டுமா?"

வணிகவியல் இரண்டாம் ஆண்டு போகப்போகிற பிள்ளை. பக்கத்து ஊர். அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறார். எங்கள் பக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சுரண்டை, ஆலங்குளம், கடையம் என்று எந்தத் தெருவில் நடந்தாலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற பெண்களைப் பார்க்கலாம். மானாவாரி பொய்த்துப்போன வீடுகளில் அடுப்பு எரிந்ததும், பிள்ளைகள் பட்டப்படிப்புக்குப் போனதும் பாதிக்கு மேல் அந்தச் சுளகினால்தான்.

5 சென்ட் பிரித்துக் கொடுத்தேன். ஆனி மாசத்திலிருந்து ஞாயிறுதோறும் காலை டவுன் பஸ்ஸில் வருவாள். பெண்களுக்குத்தான் அதில் டிக்கெட் இல்லையே. மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். வெயில் தாழ்வதற்குள் திரும்பிவிடுவாள்.

இனி அவள் எழுதின நினைவுகள். வரிசை அவளுடையது. பக்கத்தில் என் தரப்பையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆடிக்காற்றும் சூரியகாந்தியும்

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். அதே மேகம் எங்கள் பக்கம் வந்து சேரும்போது தண்ணீர் தீர்ந்து காற்றுதான் மிச்சம் இருக்கும். காற்றாலைகள் விடாமல் சுற்றும், கிணறு மட்டும் ஊறாது. அந்த நாளில் சாம்பவர்வடகரை, சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்து மஞ்சளாகக் கிடக்கும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள், கேரளாவிலிருந்து குடும்பமாக வருகிறவர்கள் எல்லாரும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வயலுக்குள் இறங்கிப் படம் பிடிப்பார்கள்.

இவளும் வகுப்புத் தோழிகளோடு போயிருக்கிறாள். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வயலில் ஒரு அம்மா கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு பூவுக்குப் பூ தடவிக்கொண்டே போனதைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் என்னிடம் வந்து, "எதுக்குத் தாத்தா அப்படிச் செய்தாவ?" என்று கேட்டாள்.

சூரியகாந்திப் பூ என்று நாம் சொல்வது ஒரு பூ இல்லை. ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள். ஒவ்வொன்றிலும் மகரந்தம் முதலில் வெளிவரும், சூல்முடி பிறகுதான் தயாராகும். மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறந்து போகாது. தேனீ வந்து ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தேனீ குறைந்தால் நடுவில் பொக்கு விழும். அதனால் பூக்கிற இரண்டு வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள், காலை வெயில் ஏறுகிற நேரத்தில், கையால் தடவி விடச் சொல்வார்கள்.

இதை நான் ரொம்பப் பெருமையாகவே விளக்கினேன். வரப்பில் தட்டைப்பயறும் துளசியும் வை, பூக்கிற நாளில் எந்த மருந்தும் அடிக்காதே, தேனீ தானாக வரும் என்றேன். அவள் கேட்டது வேறு கேள்வி.

"தேனீ இருந்தா சும்மா நடந்திருக்கும். இப்போ அந்த அக்கா பாக்குற வேலைக்குக் கூலி எந்தக் கணக்குல வரும் தாத்தா?"

அவள் படிப்பது வணிகவியல் என்பதை அன்றைக்கே நான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பஸ்ஸில் கிடைத்த இடம்

இரண்டாவது நினைவு மீன் அமிலம். சந்தையிலிருந்து 5 கிலோ மீன் கழிவு வாங்கி, 5 கிலோ வெல்லத்தைப் பொடித்துப் போட்டு, வாளியில் மூடி நிழலில் வைத்தோம். 21 நாளில் பழ வாசனை வரும், அப்புறம் வடிகட்டி 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து தெளிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். பொறுமை இல்லாமல் 9ஆம் நாளே மூடியைத் திறந்து ஒரு கிண்டு கிண்டியிருக்கிறாள். மேலெல்லாம் தெறித்துவிட்டது. எங்கள் வீட்டில் சோப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை.

"அன்றைக்குப் பேருந்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சுரண்டை வரைக்கும் இரண்டு பேர் இருக்கையில் நான் ஒருத்தியாக வந்தேன். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து எனக்கு உட்கார இடம் கிடைத்த முதல் நாள் அது" என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டு என் வீட்டம்மா சிரித்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

வெங்காயம்

மூன்றாவதுதான் நான் பேனாவை மூடின இடம்.

அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கு 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கின திட்டம். அதில் இரண்டு மாசப் பணத்தைச் சேர்த்து வைத்து, புரட்டாசிக் கடைசியில் 30 கிலோ விதை வெங்காயம் வாங்கினாள். கிலோ 60 ரூபாய், மொத்தம் 1,800. 5 சென்ட்டுக்கு அது சரியான அளவுதான். சின்ன வெங்காயத்துக்கு ஏக்கருக்கு 600 கிலோ கணக்கு.

நடுவதற்கு முந்தின ஞாயிறு, "எங்க ஆச்சி மேட்டுப்பாத்தி போடச் சொல்லுதாவ தாத்தா. ஐப்பசியில தண்ணி நிக்குமாம்" என்றாள்.

அந்த ஆடியில் சமப்பாத்தியில் வைக்கோல் மூடாக்குப் போட்டுக் கத்தரி வைத்திருந்தேன். பாதித் தண்ணீரில் விளைந்தது. அந்தத் தெம்பில் நான், "சமப்பாத்தி போதும், மூடாக்குப் போட்டுரலாம்" என்றேன். அவள் மறுபடியும் ஆச்சி பேச்சை எடுத்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு புத்தகம் படிச்சா எல்லாம் தெரிஞ்சிருமா? இது என் நிலம். நான் சொல்லுற மாதிரி வச்சா வை, இல்லேன்னா விடு" என்று சத்தம் போட்டேன். அவள் சொன்னது புத்தகத்தில் படித்ததில்லை. 50 வருசம் வெங்காயம் நட்ட அவள் ஆச்சி சொன்னது. அது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

பிள்ளை பேசாமல் நான் சொன்னபடியே 6 சமப்பாத்தி பிடித்து நட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கீழ்ப்பக்கத்து 4 பாத்தியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. போதாக்குறைக்கு என் மூடாக்கு ஈரத்தைக் காயவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. வெயில் காலத்தில் எது நன்மையோ அதுவே அடைமழையில் வினையானது. ஒரு வாரத்தில் தாள் வெளிறிச் சுருண்டு திருகியது. கழுத்து நீண்டது. பிடுங்கிப் பார்த்தால் காய் திரளாமல் விரல் மாதிரி இருந்தது.

பஞ்சகவ்யம் 10 லிட்டருக்கு 300 மில்லி அடித்தோம். புளித்த மோர் அடித்தோம். இஞ்சி பூண்டுக் கரைசல் அடித்தோம். ஒன்றும் கேட்கவில்லை. "இயற்கை முறையில் பயிருக்கு நோயே வராது" என்று மாசியில் 40 பிள்ளைகள் முன்னால் சொன்னவன் நான். அந்த 40 பேரில் ஒருத்தி திருகின தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"இது எதனால தாத்தா?"

"தெரியல பிள்ள. தண்ணி நின்னதுனாலன்னு நினைக்கேன். அப்படின்னா அது என் தப்பு. உங்க ஆச்சி சொன்னதுதான் சரி."

அவள் கட்டுரையில் இந்த இடத்தை இப்படி எழுதியிருந்தாள்: "இந்த ஒரு வருடத்தில் எனக்குப் பாடம் சொன்னவர்களில் 'தெரியவில்லை' என்று சொன்னவர் தாத்தா ஒருவர்தான். அன்றைக்குத்தான் எனக்கு இந்த வேலை பிடித்தது."

பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டோம். இது திருகல் நோய். கொலட்டோட்ரைக்கம் என்கிற பூஞ்சணம். மழைத் துளி தெறிக்கும்போது செடிக்குச் செடி பரவும். தண்ணீர் நிற்கிற இடம், நெருக்கமாக நட்ட இடம், நோய்ப்பட்ட விதைக்காய், வருசா வருசம் வெங்காயமே வைக்கிற நிலம் இதெல்லாம் அதற்குத் தோது. வந்த பிறகு தெளித்துப் பிழைக்க வைப்பது சிரமம். வராமல் பார்ப்பதுதான் வழி: மேட்டுப்பாத்தி, வடிகால், சுத்தமான விதைக்காய், நடும் முன் டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாசும் கொண்டு விதை நேர்த்தி, பயிர்ச் சுழற்சி. ஆச்சி ஒரு வரியில் சொன்னதை நாங்கள் ஒரு போகத்தைத் தோற்றுப் படித்தோம்.

மேட்டில் இருந்த 2 பாத்தி தப்பித்தது. மார்கழியில் எல்லாமாகச் சேர்த்து 70 கிலோ தேறியது.

கணக்கு நோட்டு

நாலாவது நினைவு தையில் நடந்தது. வெங்காயம் விற்ற பிறகு அவள் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள்.

விதை 1,800, உழவு 300, இடுபொருள் 250, ஆக 2,350 ரூபாய் செலவு. 52 கிலோவைக் கிலோ 40 என்று விற்றதில் 2,080 வந்தது. வீட்டுக்கும் விதைக்கும் வைத்துக்கொண்ட 18 கிலோவை அதே விலைக்குப் போட்டால் 720. மொத்தம் 2,800. மிச்சம் 450 ரூபாய்.

"ஏ, நட்டம் இல்லையே!" என்றேன் சந்தோஷமாக.

"நான் 46 மணி நேரம் வேலை பாத்திருக்கேன் தாத்தா. எழுதி வச்சிருக்கேன். மணிக்குப் பத்து ரூபாகூட இல்ல. அம்மா பீடி சுத்துனா இதைவிட வரும்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "உங்க நோட்டைக் காட்டுங்க" என்றாள். நான் வங்கிக்காரன். வரவு செலவை ஒரு நாள் விடாமல் எழுதுகிறவன். தோட்டத்துக்கு வருகிறவர்களிடம் "4 ஏக்கரில் செலவு போக வருசம் 1,40,000 நிக்குது" என்று சொல்வது என் வழக்கம். நோட்டைப் பெருமையாகவே கொடுத்தேன்.

அரை மணி நேரம் புரட்டினாள். "பாட்டி மாடு பாக்குறது, களை எடுக்குறது எல்லாம் எங்க எழுதியிருக்கீங்க? உங்க வேலை எங்க இருக்கு?" என்று கேட்டாள். எங்கும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சொல்லச் சொல்ல அவளே குறித்தாள். வீட்டம்மா ஒரு நாளைக்கு 3 மணி வீதம் வருசத்துக்கு 1,095 மணி. நான் 5 மணி வீதம் 300 நாள், 1,500 மணி. எங்கள் ஊர்க் கூலிக்குத் தோராயமாகப் பெண்ணுக்கு மணிக்கு 50, ஆணுக்கு 70 என்று போட்டாள். ("பாட்டிக்கு மட்டும் ஏன் குறைச்சல்?" என்று நடுவில் ஒரு கேள்வி. "ஊர் வழக்கம்" என்றேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி பார்த்தார்கள்.) 54,750 ஒன்று, 1,05,000 ஒன்று. ஆக மொத்தம் 1,59,750.

என் 1,40,000 லாபம் போய் 19,750 நட்டம் வந்து நின்றது.

"அப்போ வீடு எப்படித் தாத்தா ஓடுது?"

"பென்ஷன்ல."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. 1998இல் உழவர் கடன் அட்டை வந்த காலத்திலிருந்து எத்தனையோ பயிர்க்கடன் மனுவில் கையெழுத்துப் போட்டவன் நான். ஒருநாளும் "உன் வீட்டுக்காரி உழைப்பு எங்கே?" என்று எந்த விவசாயியையும் கேட்டதில்லை.

இது புதுக் கணக்கும் இல்லை. குறைந்தபட்ச ஆதரவு விலைக்காக ஒன்றிய அரசின் விலை ஆணையம் செலவை மூன்று விதமாகப் போடுகிறது. கையிலிருந்து போகிற செலவு 'ஏ2'. அதோடு குடும்பத்தார் உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் 'ஏ2 கூட்டல் எஃப்எல்'. அதற்கும் மேலே, சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பு, போட்ட முதலுக்கான வட்டி எல்லாம் சேர்த்தால் 'சி2'. எந்தச் செலவுக்கு மேல் விலை வைப்பது என்பதில்தான் விவசாயச் சங்கங்களுக்கும் அரசுக்கும் இத்தனை வருசச் சண்டை. கூட்டத்தில் உட்கார்ந்து சி2 கேட்டுக் கை தூக்குகிற நான், என் சொந்த நோட்டில் ஏ2வோடு நின்றிருக்கிறேன்.

பயந்து சொல்லவில்லை. நட்டம் என்று தெரிந்த பிறகு நோட்டைப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரிகிறது. என் 1,500 மணியில் கால்வாசி, காய்கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தினம் சுமந்து சந்தைக்குப் போய் வந்த நேரம். இப்போது வாரம் இரண்டு நாள், சொல்லிவைத்த வீடுகளுக்கு மட்டும் கொடுக்கிறேன். அந்த நேரம் மிச்சம். உண்மைக் கணக்கு இல்லாமல் இது எனக்குத் தெரிந்திருக்காது.

அம்மா வந்த நாள்

கடைசி நினைவு. கட்டுரையில் இதுதான் ரொம்பச் சின்னது. 'மிக இனிய நினைவு' என்று அடிக்கோடு போட்டிருந்தாள்.

மார்கழியில் வெங்காயம் பிடுங்கின ஞாயிறு, அவள் அம்மாவும் கூட வந்திருந்தார். பீடி வேலைக்கு ஞாயிறு, திங்கள் கிடையாது. எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். அன்றைக்குச் சுளகை எடுத்து வைத்துவிட்டு வந்தார். வரப்பில் சும்மா உட்காருவார் என்று நினைத்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கிவிட்டார். மகள் ஒரு பாத்தி முடிப்பதற்குள் அவர் இரண்டு முடித்தார். தாளைத் திருகி முடிச்சாகக் கட்டுகிற வேகம் பார்த்து என் வீட்டம்மாவே வேலையை நிறுத்திவிட்டாள்.

"அண்ணாச்சி, எங்க ஐயா காலத்துல எங்களுக்கும் ஒன்றரை ஏக்கர் இருந்துச்சு. மண்ணுல கை வச்சு 20 வருசம் ஆச்சு" என்றார். கையை மோந்து பார்த்துவிட்டு, "புகையிலை வாடை போயிருச்சு பிள்ள" என்று மகளிடம் நீட்டினார்.

அவ்வளவுதான். நான் அன்றைக்கு எடை போடுவதில் மும்முரமாக இருந்தேன். அவள் எழுதியிருந்ததைப் படிக்கும்வரை அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

இளநிலை வேளாண்மை படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடத்திட்டத்திலேயே கிராமத் தங்கல் இருக்கிறது. கிள்ளிகுளம் போன்ற வேளாண்மைக் கல்லூரிகளில் கடைசி வருசம் படிப்பவர்கள் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் விவசாயிகளோடு வந்து இருப்பார்கள். ஆனால் நம்ம பிள்ளைகளில் வேளாண்மை படிக்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? சுரண்டை காமராசர் அரசு கலைக் கல்லூரி, குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி, ஆழ்வார்குறிச்சி பரமகல்யாணி கல்லூரி என்று வணிகவியலும் தமிழும் கணிதமும் படிக்கப் போகிறவர்கள்தான் அதிகம். அதில் பல பேர் வீட்டில் கொஞ்சமாவது நிலம் இருக்கிறது, அல்லது இருந்தது. அவர்களை வயலுக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

1971இல் லண்டனில் சூ கோப்பார்ட் என்கிற பெண், அலுவலகத்தில் செயலாளர் வேலை பார்த்தவர், வார இறுதியில் இயற்கைப் பண்ணைக்குப் போய் வேலை செய்ய ஆசைப்பட்டார். சசெக்ஸில் ஒரு பண்ணைக்கு முதல் தடவை போனது 4 பேர். அது வளர்ந்து இன்றைக்கு இந்தியா உட்படப் பல நாடுகளில் 'வூஃப்' என்ற பெயரில் நடக்கிறது. அங்கே தங்கலும் சாப்பாடும் கொடுத்து வேலை கற்றுக்கொடுக்கிறார்கள். அதற்கு முதலில் தேவைப்பட்டது கதவைத் திறந்து வைத்த ஒரே ஒரு பண்ணை.

கல்லூரிக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கிற நம்ம வாசகர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவு.

பேச்சைக் குறைத்து ஒரு துண்டு நிலத்தைக் கொடுங்கள். 2 சென்ட் போதும். என்ன பயிர், எப்படி நடுவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். நாம் யோசனை சொல்லலாம், உத்தரவு போடக்கூடாது. நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

நம் வயலில் அவர்கள் வேலை செய்தால் கூலி கொடுங்கள். 'கத்துக்கிடுதாங்க' என்று சொல்லி ஓசியில் வேலை வாங்குவது சரியில்லை. இவள் என் கத்தரியில் களை எடுத்த 31 மணி நேரத்தையும் குறித்து வைத்திருந்தாள். மாசியில்தான் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றாள். "கணக்குன்னா கணக்கு" என்று கையில் வைத்தேன்.

பெண்பிள்ளைகள் வருவதாக இருந்தால் முதலில் வீட்டாரிடம் போய்ப் பேசுங்கள். தோட்டத்தில் கழிப்பறை வேண்டும். 7 வருசமாக எங்கள் தோட்டத்தில் இல்லை. எனக்கு அது தோன்றவேயில்லை. இவள் மத்தியானம் வரைக்கும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைக் கவனித்து வீட்டம்மா சண்டை போட்ட பிறகுதான் ஆவணியில் கட்டினேன்.

கணக்கு நோட்டைக் காட்டுங்கள். குடும்ப உழைப்பை எழுதின நோட்டு. பென்ஷனோ, மகன் அனுப்புகிற பணமோ உள்ளே வந்தால் அதையும் எழுதின நோட்டு. 'ஏக்கருக்கு லட்சம்' என்று கேள்விப்பட்டு வேலையை விட்டு வருகிற ஒரு இளைஞன் இரண்டாம் வருசம் கடனோடு திரும்பிப் போனால், அவன் மறுபடி வயல் பக்கம் வரமாட்டான். கூட நாலு பேரையும் வரவிடமாட்டான்.

இனி

அவள் விவசாயம் பார்க்கப் போகிறாளா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வங்கித் தேர்வு எழுதப் போகிறாளாம். எனக்கு முதலில் சப்பென்று ஆகிவிட்டது. அப்புறம் யோசித்தேன். அம்மாவைச் சுளகிலிருந்து எழுப்ப அவளுக்குச் சீக்கிரம் ஒரு சம்பளம் வேண்டும். அதைக் குறை சொல்ல பென்ஷன் வாங்குகிற எனக்கு என்ன யோக்கியதை? நாளைக்கு ஏதோ ஒரு கிளையில் பயிர்க்கடன் மேசையில் உட்கார்ந்தால், நான் கேட்காத கேள்வியை அவள் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. அம்மாவும் மாசத்துக்கு ஒரு ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எடுத்து வைத்த 18 கிலோவில் 12 கிலோ விதைக்கு. தப்பித்த மேட்டுப் பாத்தியின் காய் மட்டும்தான். கொட்டகையில் மூங்கில் தட்டி மேல் பரப்பியிருக்கிறோம். வற்றினதும் அழுகினதும் போக 9 கிலோ நிற்கிறது. வைகாசி நடவுக்கு ஒன்றரை சென்ட்டுக்கு ஆகும். நோய் வந்த இடத்தில் இந்தத் தடவை வெங்காயம் கிடையாது, உளுந்து. பாத்தி மேட்டுப்பாத்திதான். எவ்வளவு உயரம் என்று கேட்டேன்.

"ஆச்சி வந்து காட்டுதேன்னு சொல்லியிருக்காவ தாத்தா. நீங்க கயிறு மட்டும் பிடிச்சா போதுமாம்."